வெறும் வயிற்றில் வரவும்

கிரிஷாந்தன் இரண்டாவது குழாயோடு ஆய்வுகூட ஜன்னலுக்கு வந்து நின்றபோது, உள்ளே தலைமை அதிகாரி தர்மலிங்கம் பிளாஸ்டிக் ரோஜாச் சாடியின் எந்தப் பக்கம் வாசலைப் பார்க்க வேண்டும் என்ற பிரச்சினையில் ஆழ்ந்திருந்தார். தரச்சான்றிதழ் கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர் பத்தரைக்கு வருகிறார். மணி எட்டு நாற்பது.

“மிஸ், பேபி சந்திரகாந்தி,” என்றான் கிரிஷாந்தன். பொத்திய கையை இன்னும் விரிக்கவில்லை.

ஆய்வுகூடப் பரிசோதகர் விதுர்ஷா உள்ளிருந்து கையை நீட்டினாள். சுண்டுவிரல் நீளக் குழாய், அதில் இரண்டு மில்லி இரத்தம். அவன் உள்ளங்கைச் சூடு அதில் இருந்தது. குழந்தைக்கு வயது ஐந்து நாள். பெண் குழந்தை. இன்னும் பெயர் வைக்காததால் தாயின் பெயரில்தான் எல்லாத் தாளும் ஓடின. எட்டு வாரம் முந்திப் பிறந்து, ஒரு கிலோ நானூறு கிராம் எடையோடு மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. முந்தாநாள் அதன் இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது.

குழாய் சுமப்பது சிற்றூழியர் கணபதியின் வேலை. ஆனால் கணபதி காலையிலிருந்து வாசல் கம்பளத்தின் சுருக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே பெற்ற அப்பன்மாரே பிள்ளைகளின் இரத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பத்திரண்டு படி இறங்கி வந்தார்கள். குழந்தையின் அப்பன் கிரிஷாந்தன் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். வெலிமடையில் லொறிக்குக் கரட் மூட்டை ஏற்றுகிறவன். ஐம்பது கிலோவைத் தோளில் போட்டு நடக்கிறவனுக்கு இந்த இரண்டு மில்லிதான் கனத்தது.

முதல் குழாய் ஆறு மணிக்கே வந்தது. அதில் அரை மில்லிதான் இருந்தது. விதிப்படி இரண்டு மில்லி வேண்டும் என்று தர்மலிங்கம் திருப்பி அனுப்பிவிட்டார்.

பதுளையிலிருந்து ஹாலிஎல போகும் வழியில், ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்தின் அறக்கட்டளை கட்டிய தாய்சேய் மருத்துவமனை அது. கட்டடம் சிறியதுதான், பெயர்ப்பலகையை மட்டும் ரயிலில் போகிறவர்களும் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கலாம். ஆய்வுகூடத்துக்குள் இன்னொரு பலகை இருந்தது. “தவறான முடிவு இன்றி 412 நாட்கள்.” தினமும் காலையில் தர்மலிங்கம் தன் கையாலேயே இலக்கத்தை மாற்றுவார். அந்தச் சாதனையின் இரகசியம் எளிமையானது. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவது. முடிவே கொடுக்காவிட்டால் முடிவு எப்படித் தவறும்?

விதுர்ஷா குழாயைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்தாள். அது நின்றதும் மூடியைத் திறந்து பார்த்தாள். சிவப்பு அடியில் இறங்கிவிட்டது. மேலே இளம் பிளேன்டீ நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய நீர், பிழிந்த முதல் தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக நின்றது.

“சார், கொஞ்சம் வந்து பாருங்க.”

தர்மலிங்கம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “பால் குடிச்சிட்டு வந்திருக்கு. திருப்பு.”

“ஐசியூ பேபி சார். வாயால ஒண்ணும் குடுக்கல. தாள்ல எழுதியிருக்கு.”

தாளில் எழுதித்தான் இருந்தது. தர்மலிங்கமே தயாரித்த படிவம் அது. ‘நோயாளி முந்திய இரவு உணவுக்குப் பின் எதுவும் உட்கொள்ளவில்லை: ஆம் / இல்லை’ என்ற கேள்விக்குப் பக்கத்தில், மேல்மாடித் தாதி றஷீனா, பேனா முனை தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில், ‘பிறந்த நாள் முதல் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. எல்லாம் நரம்பு வழியாக’ என்று எழுதியிருந்தாள்.

“வாயால குடிச்சுதா, நரம்பால குடிச்சுதாங்கிறது நம்ம பிரச்சினை இல்லம்மா. கொழுப்புப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு. உலகம் பூரா அதுதான் விதி. இந்தப் பாலை மெஷினுக்குள்ள விட்டா மெஷின் கத்தும். திரையில சிவப்பு வரும். இன்னைக்குச் சிவப்பு வரலாமா?”

விதுர்ஷா பதில் தேடுவதற்குள் அவர் குழாயை எடுத்து மஞ்சள் கழிவுத்தொட்டிக்குள் போட்டுவிட்டு, தாளில் முத்திரை குத்தினார்.

நிராகரிக்கப்பட்டது. வெறும் வயிற்றில் வரவும்.

கிரிஷாந்தன் ஜன்னலில் தாளை வாங்கி எழுத்து எழுத்தாக வாசித்தான். “வெறும் வயித்துலயா? யாருங்க மிஸ், நானா? நான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலைங்களே.”

“உங்களுக்கில்ல. பேபிக்கு.”

“பேபி என்னைக்குங்க சாப்பிட்டுச்சு?”

அவன் போகாமல் நின்றான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். “கையில பொத்தி எடுத்துட்டு வந்தேங்க. ஏஞ்சூட்டுல கெட்டுப் போச்சுங்களா?”

“இல்ல. உங்க மேல ஒரு பிழையும் இல்ல,” என்றாள். அவன் நம்பின மாதிரித் தெரியவில்லை. குழாய் பிடித்த கையை விட்டு, மறு கையில் தாளைப் பிடித்துக்கொண்டு படியேறினான்.

அவன் மேலே போய்ச் சேர எடுத்த நேரம்தான், தொலைபேசி அலறியது.

“ஏய் விதுர்ஷா, என்னடி வெளையாட்டு இது?” றஷீனா. “திரும்பவும் ரெண்டு மில்லி எடுக்கட்டாம். இந்தப் பிள்ளைட உடம்பில மொத்தமா எவ்வளவு ரத்தம் ஈக்கி தெரியுமா? ஒன்றரை யோகட் கப். அதிலதான் நீங்க காலையில இருந்து கரண்டி போட்டுட்டு ஈக்கிறீங்க.”

“சீரம் வெள்ளையா இருக்கு, றஷீனா. சார் ஏத்துக்க மாட்டேங்கிறாரு.”

“வெள்ளையா ஈக்கோ பச்சையா ஈக்கோ, டொக்டருக்குக் கொழுப்பு நம்பர் வேணும். விடிஞ்சதுல இருந்து மூச்சு மோசமா ஈக்கி. ஒட்சிசன் அறுபது வீதத்துக்கு ஏத்தியாச்சு. கிருமியால நெஞ்சு அடைக்குதா, நாங்க ஏத்துற லிப்பிட் கொழுப்பால அடைக்குதான்னு தெரியல. நம்பர் கூடினா லிப்பிட்டை நிப்பாட்டணும். சும்மா நிப்பாட்டவும் ஏலாது, அந்தப் பிள்ளைட சாப்பாடே அதுதான். சரியா நடந்தா அது சோறு, பிழையா நடந்தா அது நஞ்சு. எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“அனுப்பு. நான் பார்க்கிறேன்,” என்றாள் விதுர்ஷா. சொன்ன பிறகுதான் என்ன பார்ப்போம் என்று யோசித்தாள். அவளுக்கு இங்கே ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் தாளில் தர்மலிங்கத்தின் கையெழுத்து வேண்டும்.

மூன்றாவது குழாய் ஒன்பது நாற்பதுக்கு வந்தது. கிரிஷாந்தன் இம்முறை அதைப் பொத்தவில்லை. இரு விரல் நுனியால் மூடியைப் பிடித்து, கையைத் தன் உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடி, படி முழுக்க அப்படியே இறங்கி வந்திருந்தான். தன் சூடு பட்டுவிடக் கூடாதென்று. கொடுத்துவிட்டு மேலே போகாமல் ஜன்னலோரமாகச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

தர்மலிங்கம் இப்போது கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அது அவருடைய நடையையும் மொழியையும் மாற்றிவிட்டிருந்தது. இயந்திரம் குழாயைச் சுழற்றி முடிக்கும் முன்னமே அவர் நிராகரிப்புத் தாளில் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி வைத்துவிட்டார்.

“இன்னும் பார்க்கவே இல்லையே சார்.”

“தரம் என்பது முன்னாயத்தம், விதுர்ஷா. நான் வாசலுக்குச் செல்கிறேன். மாலை கணபதியிடம் உள்ளது. பரிசோதனை இயந்திரத்தை எவரும் தொடலாகாது. இன்று காலை எடுத்த தர வரைபடம் முழுவதும் பச்சை. அவர் பார்க்கும்வரை பச்சையாகவே இருக்க வேண்டும்.” கதவு வரை போய்த் திரும்பினார். கழுத்துப்பட்டி கொஞ்சம் தளர்ந்தது. “இந்தா பாரும்மா, பதினெட்டு வருசமா இந்தச் சான்றிதழுக்காக ஓடுறேன். இன்னைக்கு ஒரு நாள் சும்மா இரு. போதும்.”

அவர் போனார். சுழற்றும் இயந்திரம் நின்றது. விதுர்ஷா மூடியைத் திறந்தாள்.

காலையை விட வெள்ளை.

குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அப்போதுதான், காலையிலிருந்து கண் முன்னாலேயே இருந்த விசயம் அவளுக்கு உறைத்தது. இது கெட்டுப்போன இரத்தம் இல்லை. டொக்டர் கேட்ட கேள்விக்கு இதுவே பதில். மேலே பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறுகிற வெள்ளைக் கொழுப்பை நல்ல உடம்பு உடைத்து எரித்துவிடும். கிருமியோடு சண்டை போடும் இத்தனூண்டு உடம்பால் அது முடியவில்லை. ஏறினது ஏறினபடியே இரத்தத்தில் மிதக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது. மூன்று தடவையும் அந்தப் பிள்ளை தன் நிலைமையைக் குழாயில் எழுதி அனுப்பியது. மூன்று தடவையும் இவர்கள் அதை எழுத்துப்பிழை என்று திருப்பிவிட்டார்கள்.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

நேராக விட்டால் தர்மலிங்கம் சொன்ன மாதிரி இயந்திரம் கத்தும், எண்ணும் வராது. ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து விட்டால் படிக்கும். ஒரு பங்கு வெள்ளை, நாலு பங்கு உப்புநீர். ஒரே எண்ணை நம்ப முடியாது, இரண்டு கிண்ணம் வைக்க வேண்டும். அவள் உறிஞ்சுகுழலை எடுத்தபோது ஜன்னலில் கிரிஷாந்தன் அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“மிஸ், இதுவும் சரியில்லைங்களா?”

“சரியாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் பேசாம இருங்க.”

இரண்டு கிண்ணங்களையும் உள்ளே தள்ளிப் பொத்தானை அழுத்தினாள். பதினொரு நிமிடம் என்றது திரை.

பதினொரு நிமிடம் என்பது சமையலுக்குச் சின்ன நேரம். திருடப் போனவளுக்கு அது நீண்ட நேரம், அவள் அப்படித்தான் நின்றாள். வாசலில் கணபதி கைப்பேசியை ஒலிபெருக்கியில் மாட்டி நாதஸ்வரம் ஒத்திகை பார்த்தார். அது பாதியில் நின்று ஒரு மரக்கறிச் சந்தை விளம்பரம் பாடி, மறுபடி நாதஸ்வரமானது. ஆறு நிமிடம். தர்மலிங்கம் யாரையோ, “கம்பளத்தில் மிதிக்காதே, அதெல்லாம் வருகிறவருக்கு” என்று விரட்டினார். மூன்று நிமிடம். ஒரு வாகனம் சரளைக்கல்லில் ஏறுகிற சத்தம். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. மதிப்பீட்டாளர் இருபது நிமிடம் முந்தி வந்துவிட்டார்.

திரையில் முதல் எண் விழுந்தது. நூற்று எழுபத்திரண்டு. அதன் கீழே நூற்று அறுபத்தொன்பது. இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கவில்லை. ஐந்தால் பெருக்கினாள். சராசரி ஏறத்தாழ எண்ணூற்று ஐம்பது.

அனுப்பும் பொத்தானைத் தட்டினாள். ‘இரண்டாம் ஒப்புதல் தேவை’ என்றது கணினி. இரண்டாம் ஒப்புதலின் கடவுச்சொல் இப்போது வாசலில் மாலை போட்டுக்கொண்டிருந்தது.

தொலைபேசியை எடுத்தாள்.

“றஷீனா, டொக்டரைக் கூப்பிடு. ஓடு.”

டொக்டர் பஸீல் தொலைபேசிக்கு வந்தார். குழந்தைகள் பிரிவின் நிபுணர். அதிர்ந்து பேசாதவர், எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். “சொல்லுங்க.”

“பேபி சந்திரகாந்தி, ட்ரைகிளிசரைட் எண்ணூத்தி அம்பது, சார்.”

“நானூறு தாண்டினாலே நிப்பாட்டணும். ரிப்போர்ட் எப்ப வரும்?”

“வராது சார். ரிப்போர்ட்ல ‘நிராகரிக்கப்பட்டது’ன்னு ஏற்கனவே கையெழுத்தாகிடுச்சு.”

“அப்ப எதை வச்சு நான் நிப்பாட்டுறது? நாளைக்கு யாராவது கேட்டா?”

கம்பளத்தில் சப்பாத்துச் சத்தம் நெருங்கியது. தர்மலிங்கத்தின் சிரிப்பு அதற்கு முன்னால் வந்தது.

“அஞ்சு மடங்கு கரைச்சு, ரெண்டு தடவை ஓட்டினேன் சார். ரெண்டும் ஒத்து வருது. சீரம் தேங்காப்பால் மாதிரி நிக்குது, என் கண்ணால பார்த்துட்டு இருக்கேன். ஆய்வுகூட விதுர்ஷா சொன்னான்னு எழுதுங்க. என் பேர்ல நிப்பாட்டுங்க.”

பஸீலின் குரல், தொலைபேசியிலிருந்து விலகி: “றஷீனா, லிப்பிட்டை ஓஃப் பண்ணுங்க. இப்பவே.” ஒரு பம்ப் இரண்டு முறை கூவி அடங்கியது.

விதுர்ஷா தொலைபேசியை வைக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

“இதுவே எமது ஆய்வுகூடம்,” என்று தர்மலிங்கம் கையை வீசினார். அவருக்குப் பின்னால், கழுத்தில் மாலையும் கையில் தாள் செருகிய பலகையுமாக மதிப்பீட்டாளர் ஜுனைதீன் வந்தார். மெலிந்த மனிதர். எதையும் நிமிர்ந்து பார்க்காமல் மேசை மட்டத்திலேயே பார்த்தார். “நானூற்றுப் பன்னிரண்டு நாட்களாக ஒரு தவறுகூட…”

“அவசர முடிவுகளைத் தொலைபேசியில் அறிவித்த பதிவேடு?” என்றார் ஜுனைதீன்.

தர்மலிங்கம் அதைத்தான் எதிர்பார்த்திருந்தவர் போல இழுப்பறையைத் திறந்து எடுத்து நீட்டினார். பளபளக்கும் உறை. உள்ளே முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தூய வெள்ளை. “தாங்களே பாருங்கள். ஒரு அவசரம்கூட வந்ததில்லை.”

ஜுனைதீன் பக்கங்களைப் புரட்டினார். “குறைமாதப் பிள்ளைகளை வைத்திருக்கும் மருத்துவமனையில், ஒரு வருடத்தில், ஒரு அவசரமும் இல்லை?”

“ஆம்,” என்றார் தர்மலிங்கம், பாராட்டென்று நினைத்து.

“ஒண்ணு இருக்கு சார்,” என்றாள் விதுர்ஷா. குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. “இப்பதான் சொன்னேன்.”

தர்மலிங்கத்தின் பார்வை இயந்திரத்துக்குப் போய், அங்கிருந்த இரண்டு சின்னக் கிண்ணங்களில் விழுந்து, அவளிடம் திரும்பியது. கழுத்துப்பட்டி இறுகியது. அவள் பதிவேட்டை வாங்கி, முதல் பக்கத்தின் முதல் வரியில் குழந்தை, எண், நேரம், சொன்னவர், கேட்டவர் என்று எழுதினாள்.

ஜுனைதீன் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார். ‘பிள்ளைக்கு எப்படி இருக்கிறது’ என்று இவராவது கேட்பார் என எதிர்பார்த்தாள் விதுர்ஷா.

“நீல மை,” என்றார் ஜுனைதீன். “கறுப்பாக இருக்க வேண்டும்.” பலகையில் குறித்துக்கொண்டார். “மற்றது, இரண்டாம் ஒப்புதல் இல்லாமல் வாய்மொழி அறிவிப்பு.” அதையும் குறித்தார்.

“எமது பயிற்சியின் விளைவுதான்,” என்று தர்மலிங்கம் தொடங்கி, எந்தப் பக்கம் சாய்வது பாதுகாப்பு என்று தெரியாமல் நிறுத்தினார். பிறகு தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். நிராகரிப்புக் கோப்பு. ஆயிரத்து இருநூறு தாள், அகரவரிசையில், வண்ண வண்ணத் தடுப்புகளோடு.

ஜுனைதீனின் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது. “இப்படியொரு நிராகரிப்புக் கோப்பை நான் இதுவரை பார்த்ததில்லை,” என்றார் நெகிழ்ந்துபோய். இரண்டு சிறுகுறைகளோடு சான்றிதழுக்குப் பரிந்துரை செய்துவிட்டு, பலகாரம் சாப்பிடப் போனார்.

வாகனம் போன பிறகு தர்மலிங்கம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டேன் சார். ரெண்டு தடவை.”

அவர் அதைக் கேட்காதவர் போல மேசைத் தாளை ஒழுங்காக்கினார். “நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு முந்தி எழுத்தில் விளக்கம் வேண்டும்.” பிறகு, தாளைப் பார்த்தபடியே, “புள்ள எப்புடி?” என்றார்.

“தெரியல சார்.”

தெரியாமலேதான் அன்று பகல் போயிற்று. மேலே தொலைபேசியில் கேட்டால் பேச நேரமில்லை என்றார்கள். கிரிஷாந்தனையும் காணவில்லை. நல்ல செய்தி இறங்கி வருவதற்கு நாற்பத்திரண்டு படி தூரமா என்று நினைத்தாள். கெட்ட செய்திக்கும் அதே தூரம்தானே என்று உடனே நினைத்து எழுந்து நடந்தாள். மூன்று மணிக்குக் கணபதி நாலாவது குழாயைக் கொண்டுவந்தார். அரை மில்லிதான். விதிப்படி திருப்ப வேண்டியது. விதுர்ஷா ஒருவரையும் பார்க்காமல் அதைச் சுழற்றியில் வைத்தாள். தர்மலிங்கம் பார்த்தார். எழுந்து போய் வெளியே மழை வருகிறதா என்று விசாரித்தார்.

சீரம் இன்னும் மங்கல்தான், ஆனால் அந்த வெள்ளை இல்லை. நானூற்றுப் பத்து. திரை இரண்டாம் ஒப்புதல் கேட்டது. தர்மலிங்கம் வந்து, விசைப்பலகையை மறைத்துக் குனிந்து, கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பகல் விதுர்ஷா விளக்கக் கடிதத்தின் மூன்றாம் பந்தியில், ‘மேற்படி விதியை மீறியமைக்கு’ என்று எழுதி, அதற்குப் பிறகு ‘வருந்துகிறேன்’ போடுவதா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது.

“இருநூத்திப் பத்து,” என்றாள் றஷீனா. “காலையில நீ பார்த்த நம்பர்தான், உனக்கே தெரியும். ஆனா இதைக் கேளு. ஒட்சிசன் நாப்பதுக்கு இறக்கியாச்சு. சந்திரகாந்திட பால் ஒரு மில்லி குழாயால குடுத்துப் பார்த்தோம். வயித்துல தங்கிட்டு.”

“தப்பிச்சிட்டாளா?”

“அப்பிடிச் சொல்ல ஏலாதுடி. கிருமி இன்னும் ஈக்கி, மருந்து பத்து நாள் போகணும். நேத்து மாதிரி இல்ல, அவ்வளவுதான். டொக்டர் உன்ட பேரைக் குறிப்பில எழுதி ஈக்கிறார். கறுப்பு மையில.”

விதுர்ஷா தொலைபேசியை வைத்துவிட்டுக் கடிதத்துக்குத் திரும்பினாள். ‘மீறியமைக்கு’ என்பதற்குப் பிறகு, ‘காரணம் பின்வருமாறு’ என்று எழுதி, ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள்.

ஜன்னலில் நிழல் விழுந்தது. கிரிஷாந்தன். அவள் பழக்கத்தில் கையை நீட்டினாள். அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

“ஒண்ணும் கொண்டுவரலைங்க மிஸ்,” என்றான். “சும்மாதான் வந்தேன்.”